ரெஃப்ரிக்குக் கட்டிய பல் செட்

பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளே, நாற்காலியில் வந்து உட்கார்ந்தவரிடம் நீங்கள் முதலில் சொல்வது என்ன? "ரிலாக்ஸா இருங்க." சொல்லாதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்க்கிறேன். நானும் வாய் ஓயாமல் சொன்னவள்தான். பயந்து வருகிறவருக்கும் வலியில் துடிக்கிறவருக்கும் அது நல்ல சொல். ஆனால் பார்க்கின்சன் நோயாளி ஒருவர் வந்து உட்கார்ந்தால், தயவுசெய்து அந்தச் சொல்லை விழுங்கிவிடுங்கள். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஒரு ஃபுட்பால் ரெஃப்ரியின் வாயில் அச்சு எடுக்கும் பிளாஸ்டரை அடைத்துக்கொண்டு திண்டாடியபோது தெரிந்துகொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. பல் மருத்துவம் படித்துவிட்டு வெளியே வந்த கையோடு, சிவாஜிநகரில் துணிக்கடைகளுக்கு நடுவே இருந்த ஒரு கிளினிக்கில் சேர்ந்திருந்தேன். அதை நடத்தியவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். கை சுத்தமான மனிதர். ஆனால் சந்தேகம் என்று வந்துவிட்டால் "வேண்டாம்" என்கிற பக்கம்தான் சாய்வார். பொம்பளைப் பிள்ளை பல் பிடுங்குமா என்று வாசலோடு திரும்பிப் போனவர்களும் உண்டு. போகட்டும், அவர்கள் பல் அவர்கள் பாடு என்று விட்டுவிடுவேன்.

ஒரு நாள் காலை ஜட்கா வண்டி ஒன்று வந்து நின்றது. கணவனும் மனைவியுமாக இருவர் இறங்கினார்கள். அந்தப் பெரியவரைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எங்கள் காக்ஸ் டவுனில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. சாலமன் சார். வாரம் முழுவதும் தபாலாபீஸில் கடிதம் பிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்பார். அவர் விசில் ஊதினால் ஊதினதுதான், ஆண்டவரே வந்து சொன்னாலும் மாற்ற மாட்டார் என்று என் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார். எங்கள் ஊர் அணிக்கு எதிராக அவர் ஊதிய விசில்கள் அத்தனை.

அந்த மனிதர் இப்போது வாசற்படியில் வந்து அப்படியே நின்றுவிட்டார். கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல நகர மறுத்தது. நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இழுக்காதீங்க டாக்டரம்மா, அப்படியே குப்புற விழுந்துடுவாரு," என்றார் அவர் மனைவி ரூபியம்மா. கணவரின் கைத்தடியை வாங்கி, அவர் காலுக்கு முன்னால் குறுக்காகத் தரையில் வைத்தார். சாலமன் சார் குனிந்து பார்த்தார். காலைத் தூக்கித் தடியைத் தாண்டினார். அதன் பிறகு நாற்காலி வரை நடந்து வந்துவிட்டார்.

கை நடுங்கியது. தாடையும் நடுங்கியது. முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. என் மேல் கோபமாக இருக்கிறாரோ என்று நினைத்தேன். மேலே ஒரு செட், கீழே ஒரு செட், இரண்டும் பழையவை. மேல் செட் பரவாயில்லை. கீழ் செட் வாய்க்குள் படகு மாதிரி மிதந்துகொண்டிருந்தது. ஈறு தேய்ந்துவிட்டது, நாக்கு சும்மா இருக்காமல் செட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தது, போதாததற்கு நடுக்கத்துக்குக் கொடுத்திருந்த மருந்து வாயை வறட்டி வைத்திருந்தது.

நடந்ததை ரூபியம்மா சொன்னார். மாதா கோயில் திருவிழா விருந்தில், ஊரே பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது, கீழ் செட் கழன்று இலையில் இருந்த பிரியாணியில் விழுந்துவிட்டதாம். எதிர்வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்குள் போனவர்தான். கோயிலுக்குக்கூட வருவதில்லை. பின்கட்டில் தனியாக உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். ஆள் பாதியாகிவிட்டார்.

"எதையாச்சும் மென்னு சாப்புடுற மாதிரி ஒரு வழி பண்ணிக் குடுங்கம்மா. இன்னும் எத்தன நாளைக்குக் கஞ்சி ஊத்துறது?"

அப்போதுதான் சாலமன் சார் முதன்முதலாகப் பேசினார். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல மெல்லியதாக இருந்தது. "கஞ்சி கெடக்குது வுடு. எனக்கு ஊதணும்."

விஷயம் இதுதான். காக்ஸ் டவுன் ஃபுட்பால் பையன்கள் ஒரு போட்டி நடத்திக்கொண்டிருந்தார்கள். இறுதி ஆட்டத்தைச் சாலமன் சார்தான் விசில் ஊதித் தொடங்கிவைக்க வேண்டும் என்று வீடு தேடி வந்து கேட்டிருக்கிறார்கள். இவர் முடியாது என்று மனைவியிடம் சொல்லி அனுப்பிவிட்டார். ஆனால் மறுநாள் ரூபியம்மா பார்த்தபோது, கண்ணாடி முன் நின்று விசிலை வாயில் வைத்து முயன்றுகொண்டிருந்தாராம். செட் போட்டால் ஊதும்போது துள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. கழற்றிவிட்டால் உதடு குவிய மறுக்கிறது, காற்றெல்லாம் ஓரத்தில் புஸ்ஸென்று போய்விடுகிறது.

"ஊதினா போவேன். இல்லன்னா ஊட்டுலயே கெடக்குறேன்," என்றார் சாலமன் சார்.

பெரிய டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். "இது பேஜார் புடிச்ச கேஸும்மா. இவருக்கு முழுங்குறதே கஷ்டம். செட் கழண்டு தொண்டைல சிக்கிச்சுன்னா யார் பதில் சொல்றது? வாய சுத்தமா வெச்சுக்கச் சொல்லு, கஞ்சியே குடிக்கட்டும். உசுரோட இருப்பாரு இல்ல?"

அவர் பயந்தது நியாயம். அதை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த நோயாளியை மல்லாக்கச் சாய்த்து வைத்து வேலை செய்தால் எச்சிலே புரையேறும். தளர்ந்த செட் ஆபத்துதான். ஆனால் பயம் நியாயமாக இருப்பதால் மட்டும் முடிவும் நியாயமாகிவிடாது. எனக்கு மூக்கு நுனியில் கோபம் வரும். வந்தது.

"டாக்டர், தளர்ந்த செட்டோடதான் அவர் இப்பவே இருக்கார். அதுதான கழண்டு தொண்டைக்குப் போகும்? கெட்டியா ஒண்ணு கட்டிக் குடுத்தா ஆபத்து கொறையும்தான? உசுரோட இருந்தா மட்டும் போதும்னா அவர் ஏன் ஜட்கா வெச்சுட்டு இங்க வராரு?"

பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சரி. உன் கேஸ். எதுனா ஆச்சுன்னா உன் தலைலதான் விடியும்," என்றார்.

என் தலையில் விடியத் தொடங்கியது உடனேயே. வாயின் அச்சு எடுக்கப் பிளாஸ்டரைக் குழைத்து வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், "ரிலாக்ஸா இருங்க சார், அசையாதீங்க," என்றேன். அவர் கண்ணை மூடி, கையை மடியில் போட்டு, சொன்னபடி செய்தார். உடனே தாடை தடதடவென்று ஆடத் தொடங்கியது. அச்சு பாழாகிவிட்டது. இன்னொரு நாள் வரச் சொன்னேன். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரம் பார்த்து, களைப்பில்லாத காலையில், முதுகு நிமிர்த்தி உட்காரவைத்தேன். அதெல்லாம் சரிதான், நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆனால் வாய் திறந்து நான் சொன்னது அதே பாட்டு. இந்த முறை பிளாஸ்டர் என் கோட்டிலும் ரூபியம்மாவின் புடவையிலும் சரிசமமாகப் படிந்தது.

"நீ அசையாத அசையாதன்னு சொல்லச் சொல்லத்தாம்மா ஆடுது!" என்று சீறினார் சாலமன் சார். கிணற்றுக் குரலில் சீறினாலும் எனக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். போனால் திரும்பி வர மாட்டார். இறுதி ஆட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பதற்றத்தில் நான் சட்டென்று திரும்பியபோது என் முழங்கை பட்டு, தட்டின் ஓரத்தில் இருந்த பிளாஸ்டர் கிண்ணம் சரிந்தது. அது தரைக்குப் போகவில்லை. சாலமன் சாரின் கை நீண்டது, அந்தரத்திலேயே பிடித்துவிட்டது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

நாங்கள் மூவரும் அந்தக் கையையே பார்த்தோம். கிண்ணத்தைப் பிடித்திருந்த கை கல் போல நின்றது. நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். வெறுங்கை மடிக்குத் திரும்பியதும் மறுபடியும் நடுங்கத் தொடங்கியது.

"பந்து வந்தா புடிச்சுடுவேன்," என்றார் அவர். "சும்மா குந்துன்னு சொன்னாதான் பேஜாரு."

எனக்கு அந்த நிமிடம் இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! பிளாஸ்டர் படிந்த கோட்டோடு அங்கேயே குதித்திருப்பேன். இந்த நடுக்கம் ஓய்ந்திருக்கும் உறுப்பைத்தான் பிடித்து ஆட்டுகிறது. வேலை செய்கிற கையை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. கைக்கு அப்படியென்றால் தாடைக்கும் நாக்குக்கும் ஏன் அப்படி இருக்கக் கூடாது? நான் என்ன செய்துகொண்டிருந்தேன் பாருங்கள். சும்மா இரு என்று சொல்லிச் சொல்லியே நடுக்கத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துக்கொண்டிருந்தேன்.

கிண்ணத்தைத் திரும்ப அவர் கையிலேயே கொடுத்தேன். "சார், இது கீழ விழாம பாத்துக்கறது உங்க பொறுப்பு. வாய நான் பாத்துக்கறேன். நாக்க மேல தூக்குங்க. ஒதட்ட குவிங்க. கன்னத்த உள்ள இழுங்க." அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். நடுக்கம் முழுவதும் நின்றுவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அச்சு எடுக்க எனக்கு வேண்டிய இடைவெளி கிடைத்தது. அது போதும்.

அடுத்த படிதான் வேடிக்கை. கீழ் செட்டை எந்த இடத்தில் உட்காரவைத்தால் நாக்கு உள்ளிருந்து தள்ளுவதும் கன்னம் வெளியிலிருந்து தள்ளுவதும் சமமாக இருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். இளகிய மெழுகை வாயில் வைத்து, வாய் செய்கிற வேலையே அதற்கு உருவம் கொடுக்கும்படி விட்டேன்.

"சார், ஆட்டம் தொடங்கியாச்சு. நீங்கதான் ரெஃப்ரி. விசில் இல்லாம, வெறும் வாயால ஊதுங்க. தப்பு பண்றவன திட்டுங்க."

ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு ஊதினார். ஊதிவிட்டு, மெழுகு நிறைந்த வாயோடு, "ஆஃப் சைடு! டேய் நெட்டையா, கண்ணு பின்னாலயா இருக்குது?" என்று கத்தினார். அவரிடம் அவ்வளவு குரல் மிச்சம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மறுபடி ஊதினார். மறுபடி திட்டினார். யாரையோ மைதானத்தை விட்டே வெளியே அனுப்பினார். வரிசையில் காத்திருந்தவர்கள் தங்கள் பல்வலியை மறந்து கதவிடுக்கில் தலையை நீட்டினார்கள். யாரோ என்னை அடிக்கிறார்கள் என்று நினைத்துப் பெரிய டாக்டர் ஓடி வந்தார்.

"என்னம்மா நடக்குது இங்க?"

"ஹாஃப் டைம் ஆகல டாக்டர், ஓரமா நில்லுங்க," என்றேன்.

சாலமன் சாரின் முகம் மட்டும் கொஞ்சமும் மாறவில்லை. இவ்வளவு கூத்துக்கும் அவருக்குச் சிரிப்பே வரவில்லையா என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது. ரூபியம்மா என் காதருகே வந்து, "சிரிக்கிறாரும்மா. மூஞ்சில தெரியாது. தோள பாருங்க," என்றார். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அது நடுக்கம் இல்லை. பிள்ளைகளே, இந்த நோயாளியின் முகத்தை வைத்து மனதைக் கணக்குப் போடாதீர்கள்.

செட்டை எப்படிச் செய்தேன், பற்களை எப்படி அடுக்கினேன் என்பதெல்லாம் உங்கள் பாடத்தில் இருக்கிறது. தாடை பக்கவாட்டில் நகர்ந்தாலும் செட்டைத் தூக்கிவிடாதபடி தட்டையான பற்களாகப் பார்த்து வைத்தேன், அவ்வளவுதான். அதைவிட அதிக நேரம் எடுத்தது அவர் வீட்டுக் குளியலறைக்கான யோசனை. செட்டை மனைவி கழுவிக் கொடுப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. தானே கழுவ வேண்டும். பிரஷ்ஷின் மெல்லிய பிடி அவர் விரல்களுக்குள் நிற்கவில்லை. சைக்கிள் கடையில் ஹேண்டில் ரப்பர் ஒன்று வாங்கி, பிரஷ்ஷின் பிடியில் மாட்டிக் கொடுத்தேன், நின்றது. கழுவும் தொட்டியில் துண்டு ஒன்றை விரித்து, பாதி தண்ணீர் நிரப்பி வைக்கச் சொன்னேன், கை தவறி விழுந்தாலும் செட் உடையாது. போடும் முன் செட்டையும் வாயையும் நனைத்துக்கொள்ள வேண்டும். தூங்கப் போகும்போது கழற்றிவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு கன்னத்து ஓரத்தில் எதுவும் தங்கியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை மட்டும் ரூபியம்மாவுக்கு. கல்யாணம் ஆன நாள் முதல் அவர் வாயைத் திறக்கச் சொல்லி அதட்ட ஆசைப்பட்டதாகச் சொல்லி அந்த அம்மாள் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

செட்டை மாட்டிய அன்று பெரிய டாக்டரே பேக்கரிக்கு ஆள் அனுப்பி வெண்ணெய் தடவிய பன் வரவழைத்தார். சாலமன் சார் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். நிதானமாக மென்றார். விழுங்கினார். அடுத்த துண்டுக்குக் கை நீண்டது. பெரிய டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"விசில் ஊதிப் பாக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"மைதானத்துலதான்," என்றுவிட்டார்.

அந்த ஒரு பதிலில் என் தூக்கம் போயிற்று. பன் மெல்வது வேறு, விசில் ஊதுவது வேறு. இன்னொரு தடவை ஊர் முன்னால் செட் கழன்று விழுந்தால் அந்த மனிதர் பின்கட்டை விட்டு வெளியே வரவே மாட்டார். தள்ளிவிட்டவள் நான் ஆவேன்.

இறுதி ஆட்டத்தன்று மைதானத்தைச் சுற்றி ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. எங்கள் காக்ஸ் டவுனும் நீலசந்திராவும் மோதின. நீலசந்திராக்காரர்கள் தாரை தப்பட்டையோடு வந்திருந்தார்கள். எங்கள் அணியில் பின்னால் நின்று தடுத்து ஆடுகிறவன் என் தம்பி பீட்டர். கோப்பை எங்களுக்குத்தான் என்று வீட்டில் அம்மா அதற்கு அலமாரியில் இடம்கூட ஒதுக்கிவிட்டாள்.

சாலமன் சார் தொளதொளத்துப்போன கறுப்புச் சட்டையில் வந்தார். நான் ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து வாயை நனைத்துக்கொள்ளச் சொன்னேன். நடு வட்டத்தில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். விசிலை எடுத்தார். மெல்ல வாய்க்குக் கொண்டுபோனார். விசில் பல்லுக்கு நடுவே போனது. அப்படியே நின்றார். ஊதவில்லை. மைதானம் அடங்கிவிட்டது. எங்கோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். எனக்குத் தெரிந்த எல்லா ஜெபமும் ஒரே நேரத்தில் வாயில் வந்தது. அவர் கன்னம் உள்ளே போனது, உதடு குவிந்தது.

ஊதினார்! நீண்ட, கூர்மையான, கொஞ்சமும் பிசிறில்லாத விசில். செட் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஜனம் கத்திய கத்தில் மரத்திலிருந்த காக்கை எல்லாம் பறந்தன. ரூபியம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். சாலமன் சாருக்கு மாலை போட்டு, நாற்காலி கொடுத்து, நிழல் இருக்கிறது என்று, இரண்டாம் பாதியில் எங்களுக்கு வரப்போகும் கோல் பக்கத்துக் கோட்டருகே உட்காரவைத்தார்கள். விசிலை வாங்கி வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ஆட்டம் கோல் எதுவும் விழாமல் இழுத்துக்கொண்டே போனது. கடைசிக் கட்டத்தில் நீலசந்திராவுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயரமாக வந்தது. கூட்டமாக எகிறினார்கள். பந்து வெளியே போனது. ஆட்டத்து ரெஃப்ரி, சின்ன வயசுக்காரர், நெரிசலுக்குப் பின்னால் இருந்தார். அவர் கை எழவில்லை. எங்கள் ஆட்கள் பெருமூச்சு விட்டார்கள்.

விசில் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் சாலமன் சார் நாற்காலியில் இல்லை. எழுந்து கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்திருந்தார். வலது கையை நீட்டி பெனால்டி புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையில் ஒரு துளி நடுக்கம் இல்லை.

எங்கள் பக்கம் ஒரே கூச்சல். சின்ன ரெஃப்ரி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சார், நீங்க ஊதுறது கணக்குல வராதே..."

"பந்து அவன் கையில பட்டுச்சு. கேளு," என்றார் சாலமன் சார், பீட்டரைப் பார்த்துக்கொண்டே.

சின்ன ரெஃப்ரி என் தம்பியைப் பார்த்தார். மைதானமே என் தம்பியைப் பார்த்தது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு நீண்டிருந்த அந்தக் கையைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு, "பட்டுச்சு சார்," என்றான். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "அக்கா, உன் பேஷண்டை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ!" என்று கத்தினான்.

நீலசந்திரா பெனால்டி அடித்தது. கோல். தப்பட்டை மைதானத்தையே தூக்கியது. சாலமன் சார், புதுப் பற்கள் தெரிய, ஆட்டத்தைத் தொடரச் சொல்லிச் சின்ன ரெஃப்ரியை அதட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டத்திலிருந்து ஒரு தடியன் முன்னால் வந்து தொண்டை கிழியக் கத்தினான்.

"எவன்யா அந்தாளுக்குப் பல்லு கட்டிக் குடுத்தது?"

நான் பெஞ்சு மேல் ஏறி நின்றேன். தோற்றுக்கொண்டிருந்த என் ஊர் முழுவதும் கேட்கும்படி, "நான்தான்!" என்றேன்.